மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு பழைய டியூப் மானிட்டரும்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் பழைய அலுவலக அறையைக் காலி செய்கிறார்கள், அங்கே இரண்டு டியூப் மானிட்டர்கள் கிடக்கின்றன, வந்து பார்க்கிறாயா என்று கடந்த கார்த்திகையில் என் பள்ளித் தோழர் தொலைபேசியில் கேட்டார். மறுநாள் விடியற்காலையிலேயே சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஆம்னி வண்டியை அமர்த்திக்கொண்டு மலையேறினேன். இரண்டில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் கொண்டுவந்தேன். பழைய கணினிகளைச் சேர்த்துப் பழுதுபார்க்கும் இளைஞர்கள் சிலர் எந்த மானிட்டரை வாங்குவது என்று என்னிடம் அடிக்கடி கேட்பதால், அன்று நான் எதை வைத்து முடிவெடுத்தேன் என்பதையும், எடுத்துவந்ததை இன்று எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், தட்டைத் திரைக்கு முந்தைய, படக்குழாய் கொண்ட டியூப் மானிட்டர் எனக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்தது 14 அங்குல மானிட்டர். பேஜ்மேக்கர் மென்பொருளில் தமிழ் எழுத்தைப் பன்னிரண்டு பாயின்ட் அளவில் வைத்தால், மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி திரையில் புள்ளியாகத் தெரியாது; எழுத்தின் மேல் படிந்த ஒரு மங்கலான அழுக்கைப் போலத்தான் தெரியும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘அவர்கள்’ என்பது ‘அவரகள்’ என்று ஐந்நூறு பிரதிகளும் அச்சாகிவிட்டன. புரூஃப் பார்த்தவன் நான்தான். பெண் வீட்டார் பத்திரிகைக் கட்டைப் பிரித்து முதல் தாளைப் படித்தபோது அவர்கள் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. மறு அச்சுக்கான செலவில் பாதி என் சம்பளத்தில் கழிந்தது. அதற்குப் பிறகு எந்தத் திரையின் முன் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான்.

அந்தக் காலத்து எழுத்துருக்களில் செய்த என் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்கப் பழைய கணினி ஒன்றையும் வைத்திருக்கிறேன். அதை இன்றைய தட்டைத் திரையில் இணைத்தால் படம் வரும், ஆனால் எழுத்து கெடும். தட்டைத் திரையில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிக்கும்போதே நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. 640-க்கு 480 என்ற பழைய அளவில் வரும் படத்தை அது தன் அளவுக்கு இழுத்து நிரப்ப வேண்டியிருப்பதால், ஒரு கோடு தடித்தும் அடுத்த கோடு மெலிந்தும் போகிறது. டியூபில் அந்தக் கட்டாயம் இல்லை. படத்தை வரிவரியாக வரையும் எலக்ட்ரான் கற்றை எத்தனை வரிகளாக ஓடச் சொன்னாலும் அத்தனை வரிகளாக ஓடுகிறது. 1897-இல் பிரவுன் என்ற ஜெர்மானியர் செய்த குழாயிலிருந்து வந்த இந்த முறை, எந்த அளவுப் படத்தையும் அதன் சொந்த உருவத்திலேயே காட்டும் என்பதுதான் எனக்கு இதன் முதல் பெருமை.

ஆனால் எந்த டியூப் மானிட்டரும் எந்தக் கணினியோடும் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. வாங்குபவர்கள் பெரும்பாலும் அங்குலத்தையும் கம்பெனிப் பெயரையும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது கிடைமட்ட அதிர்வெண். கற்றை ஒரு விநாடியில் எத்தனை வரிகளை இழுக்க முடியும் என்பதே அந்த எண். இதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். 640-க்கு 480 படத்தில் கண்ணுக்குத் தெரிவது 480 வரிகள் என்றாலும், கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் 525 வரிகள். விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை என்றால் 31.5 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. 1987-இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. என்ற கணினித் திரை முறையின் அடிப்படை எண் இதுதான். 1024-க்கு 768 படத்தை விநாடிக்கு 85 முறை காட்ட வேண்டுமானால் மொத்தம் 808 வரிகள், அதாவது 68.7 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். ஆகவே 70 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்கும் 17 அங்குல மானிட்டர் இந்த வேலையை நிம்மதியாகச் செய்யும். 54 வரை மட்டுமே ஏற்கும் 15 அங்குல மானிட்டரில் அதே 85 முறைக்கு 800-க்கு 600 அளவோடு நின்றுகொள்ள வேண்டும்.

விநாடிக்கு 60 முறை போதாதா என்று கேட்கிறார்கள். வெள்ளைத் தாளைப் போன்ற பின்னணியில் கறுப்பு எழுத்தை நாள் முழுவதும் படிப்பவருக்குப் போதாது. வெண்மை துடிப்பது கடைக்கண்ணில் தெரியும்; மாலையில் கண் எரியும். அச்சகத்தில் நான் பட்டது அதுதான். 85-இல் அந்தத் துடிப்பு எனக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது.

வி.ஜி.ஏ.-வுக்கு முந்தைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்குத் தரப்பட்ட பி.பி.சி. மைக்ரோ கணினிகள் தொலைக்காட்சியைப் போலவே 15.6 கிலோஹெர்ட்ஸில் படம் தருபவை. 1981-இல் வந்த சி.ஜி.ஏ. என்ற வண்ணப் பட முறையும் ஏறக்குறைய அதே 15.7. சாதாரண வி.ஜி.ஏ. மானிட்டர் 30-க்குக் கீழே இறங்காது என்பதால் அவற்றை அதில் பார்க்க முடியாது. ஐ.பி.எம். 5151 போன்ற பச்சை எழுத்து மானிட்டர்களோ 18.4 கிலோஹெர்ட்ஸ் ஒன்றையே ஏற்பவை. அவற்றுக்குப் பொருந்தாத அதிர்வெண்ணைக் கொடுத்தால் படம் வராமல் போவதோடு நிற்காது, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரும் எரிந்துபோகலாம். செருகுமுனையில் ஒன்பது ஊசி இருந்தால், கணினி எது என்று உறுதியாகத் தெரியும் வரை இணைக்காதீர்கள். பதினைந்து ஊசி உள்ள முனையில் ஒன்பதாவது ஊசி மட்டும் இல்லாவிட்டால் அது குறையல்ல. பல மானிட்டர்களில் அந்த இடம் காலியாகவே விடப்பட்டிருக்கும்.

இனி அந்தத் தோட்டத்து அறைக்கு வருகிறேன். ஜன்னல் கண்ணாடி உடைந்து பல மழைக்காலம் ஆகியிருந்தது. ஒன்று 19 அங்குலம், மற்றொன்று 17. பெரியதன் டியூப் செங்குத்தான மெல்லிய கம்பிகளை வரிசையாகக் கட்டிய வகை. 1968-இல் சோனி டிரினிட்ரான் என்ற பெயரில் கொண்டுவந்த இந்த வகையைத்தான் இன்று எல்லோரும் தேடுகிறார்கள். துளையிட்ட உலோகத் தகடு கொண்ட சாதாரண டியூபைவிட இதில் அதிக எலக்ட்ரான்கள் திரையை எட்டுவதால் வெளிச்சம் கூடுதல். அந்தக் கம்பிகள் அதிராமல் பிடித்துவைக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ இழைகள் ஓடும். வெள்ளைத் திரையில் அவற்றின் நிழல் தலைமுடி போலத் தெரியும். அதைப் பழுது என்று எண்ணி நல்ல மானிட்டரைத் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் அந்தப் பெரியதைத் தள்ளியதற்குக் காரணம் வேறு. மின்சாரம் கொடுக்கும் முன்பே, ஜன்னல் பக்கம் திருப்பிச் சாய்வாகப் பார்த்தபோது, அணைந்த கண்ணாடியில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. துணியால் தூசியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். செக்ரோல். தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவு அட்டவணை, பெயர்ப் பத்தி, நாள் பத்திகள், கூலிப் பத்தி எல்லாம் திரையின் உட்புறத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் சுட்ட தழும்பாகப் பதிந்திருந்தன. எத்தனையோ ஆண்டுகள் காலை முதல் மாலை வரை ஒரே பக்கத்தைக் காட்டிய திரை அது. தன் கடமையைச் செய்து முடித்த அந்தக் கண்ணாடியை நான் சற்று நேரம் தொட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் இப்படித் தேய்ந்த டியூபை எந்த மெக்கானிக்காலும் புதுப்பிக்க முடியாது. கம்பெனிப் பெயர் எதுவானாலும் அது முடிந்துபோன டியூப்தான்.

அடுத்து 17 அங்குலம். காற்று வெட்டுகளில் இரண்டைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. ஒரு குச்சியால் மெல்லப் பெயர்த்தபோது செம்மண் கூடு முழுதாகக் கையில் வந்தது. உள்ளே காய்ந்த புழுத்தோல். திரையில் தழும்பு இல்லை. பின்பக்கச் சீட்டில் 30 முதல் 70 கிலோஹெர்ட்ஸ் என்று தெளிவாக இருந்தது. வெறும் துளைத்தகடு டியூப், யாரும் பெயர் சொல்லித் தேடாத மாடல். இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அங்கேயே போட்டுப் பார்க்கலாமே என்று தோழர் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். டியூபுக்குள் ஏறத்தாழ 25,000 வோல்ட் போகிறது. பனியிலும் மழையிலும் ஈரம் குடித்த தூசி, டியூபின் மேல் உள்ள உயர் மின்னழுத்த ரப்பர் மூடியைச் சுற்றிப் படிந்திருந்தால், மின்சாரம் தூசி வழியாகக் கசிந்து பொறி பறக்கும். ஏற்காட்டில் கிடந்த எதையும் உடனே போடக் கூடாது. கீழே இறங்கும் போதும் ஒரு முறை உண்டு. டியூப் மானிட்டரின் எடையெல்லாம் முன்கண்ணாடியில்தான் இருக்கிறது. பின்புறக் கழுத்து மெலிந்தது. ஆகவே கண்ணாடிப் பக்கத்தைக் கீழே வைத்து, பழைய மெத்தையின் மேல் கவிழ்த்து, இருபுறமும் சாக்கைத் திணித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டியோட்டியிடம் மெதுவாக எடுக்கச் சொன்னேன். தூக்கும்போதும் கண்ணாடி நெஞ்சைப் பார்க்க அணைத்துத் தூக்க வேண்டும்.

வீட்டு மாடி அறையில் பத்து நாள் காயவைத்த பிறகு, முப்பது வருடமாகத் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தேன். மானிட்டரின் பின்புற உறையைக் கழற்றியதும் நான் ஆர்வத்தில் குனிந்தேன்.

“கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க தம்பி. பத்து நாள் சும்மா இருந்தாலும் டியூப்ல கரண்டு இருக்கும்.”

நீண்ட திருப்புளியில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை டியூபின் பின்புறத்தைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரப்பர் மூடிக்குள் திருப்புளியை நுழைத்தார். சத்தம் எதுவும் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே செய்தார். ஒருமுறை இறக்கினாலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மின்னூட்டம் மீண்டும் ஊறி வரும் என்றார். பிறகு ரப்பர் மூடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் துடைத்தார், உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் டிரான்ஸ்பார்மரான எல்.ஓ.டி.-யின் கால்களில் டிரை சால்டர், அதாவது விட்டுப்போன பற்று, இருந்ததைக் கண்டு புதிதாகப் பற்றுவைத்தார்; வாய் உப்பியிருந்த இரண்டு கண்டென்சர்களை மாற்றினார். இந்த வேலையை இணையக் காணொளி பார்த்து நீங்களே செய்யாதீர்கள் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். கழுத்து உடைந்தாலும் ஆபத்து. உள்ளே காற்றே இல்லாத குழாய் அது.

கடையில் வாங்குபவர்கள் டியூப் குளிர்ந்திருக்கும்போதே போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் பாதிக் குறை மறைந்துவிடும். தேய்ந்த டியூபில் படம் மெல்ல மெல்ல வெளிச்சமாகும், ஒரு நிறம் மட்டும் பின்தங்கி வரும், வெள்ளை எழுத்தின் ஓரம் வழியும். வெளிச்சத்தைக் கூட்டும்போது சாய்வான மெல்லிய கோடுகள் தோன்றினால் எல்.ஓ.டி.-யில் இருக்கும் ‘ஸ்கிரீன்’ திருகை மெக்கானிக் சரிசெய்ய வேண்டியிருக்கும்; அது பெரிய குறையல்ல. நான் எப்போதும் ஒரு பென் டிரைவில் தமிழ்ப் பக்கம் ஒன்றை எடுத்துச் செல்கிறேன். அதில் ‘கி, கீ, ர், ரி, ரீ, ட், டி, டீ’ என்ற எழுத்துகள் சிறிய அளவில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் இருக்கும். நடுவில் எந்த மானிட்டரும் நன்றாகத்தான் காட்டும். மூலையில் ‘ரி’யின் கொக்கியும் ‘ரீ’யின் சுழியும் பிரிந்து தெரிகின்றனவா, மெய்யின் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தை வைத்துச் சோதித்தால் இது அகப்படாது. நமக்கு வேண்டியது நம் எழுத்து.

மானிட்டரை மேசையில் வைத்த முதல் நாள் வலது மேல்மூலையில் ஊதா நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. அதைப் பார்த்த ஒரு நண்பர், கஞ்சமலையில் காந்தக் கல் இருப்பதால் சேலத்தில் இப்படித்தான் வரும் என்றார். கஞ்சமலையில் மாக்னடைட் தாது இருப்பது உண்மைதான். ஆனால் பல கல் தொலைவில் உள்ள மலையைவிட ஒரு முழம் தள்ளி நின்ற இரும்பு பீரோவே இதற்குக் காரணம். பீரோவை எதிர்ச் சுவருக்கு மாற்றி, திரையில் ஏறிய காந்தத்தைப் போக்கும் டீகாஸ் பொத்தானை அழுத்தினேன். ‘தொம்’ என்ற ஓசையோடு படம் ஒருமுறை குலுங்கி நின்றது. கறை பெரும்பாலும் போய்விட்டது. மீதியும் போக வேண்டுமென்று உடனே மறுபடி அழுத்துவதில் பயனில்லை. சூடானதும் மின்சாரத்தைத் தடுக்கும் தெர்மிஸ்டர் என்ற பாகம் உள்ளே இருக்கிறது; அது குளிர இருபது நிமிடமாவது வேண்டும்.

பூமியின் காந்தமும் இதில் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில் செல்வதால், நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாக, வடக்கு நோக்கிப் படுத்திருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலோ அது மிகவும் சரிவாகத் தரையை நோக்கிப் பாய்கிறது. அந்தக் காரணத்தால் டியூப் தயாரித்தவர்கள் உலகின் வட பகுதிக்கும் தென் பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் தனித்தனியே சரிசெய்து அனுப்பினார்கள். பழைய பொருளாக வெளிநாட்டிலிருந்து வந்த மானிட்டரில் நிறம் சற்றுப் பிறழ்ந்திருந்தால் இதையும் நினைவில் கொள்ளுங்கள். திரை வடக்கையோ தெற்கையோ பார்த்தால் படம் சிறிது சாயும். ‘ரொட்டேஷன்’ என்ற அமைப்பில் நிமிர்த்திவிடலாம். நான் கிழக்குப் பார்க்க வைத்தேன். அறையின் எல்லாப் பக்கங்களையும் முயன்றதில் அங்கேதான் வெள்ளை நிறம் நான்கு மூலையிலும் ஒன்றாக இருந்தது.

இன்னொரு தொல்லை, படம் தண்ணீரில் மிதப்பது போல நெளிவது. என் மேசையின் கீழ் இருந்த ஸ்டெபிலைசர்தான் காரணம். அதன் டிரான்ஸ்பார்மரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் கசிகிறது. படம் 60 ஹெர்ட்ஸில் ஓடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10 ஹெர்ட்ஸில் நெளிவு கண்ணுக்குத் தெரிகிறது. 85-இல் அது விரைவான நடுக்கமாகி எழுத்தின் ஓரத்தை மழுக்குகிறது. ஸ்டெபிலைசரை மூன்று முழம் தள்ளி வைத்ததும் ‘ர்’ மேல் இருந்த புள்ளி ஊசி குத்தியது போல நின்றது. மானிட்டரில் பழுது என்று பலர் கொண்டுபோய்க் கொடுப்பது இந்த நெளிவுக்காகத்தான்.

அரை மணி நேரம் ஓடிய பிறகே அளவுகளைச் சரிசெய்ய வேண்டும். ஒரு பெரிய வட்டத்தை வரைந்து, இரும்பு ஸ்கேலால் அகலத்தையும் உயரத்தையும் திரையிலேயே அளந்து, இரண்டும் 18 சென்டிமீட்டராக வரும் வரை திருத்தினேன். இந்தத் திரைகள் நாலுக்கு மூன்று விகிதத்தவை. 1280-க்கு 1024 என்பது ஐந்துக்கு நான்கு என்பதால் அதில் வட்டம் முட்டையாகும், 1280-க்கு 960 என்று வைத்தால் சரியாக வரும். நிற வெப்பநிலையை 9300 கெல்வினிலிருந்து 6500-க்கு இறக்கினால் நீலம் குறைந்து தாளின் வெண்மை கிடைக்கிறது. இன்றைய கணினியில் இணைக்க எச்.டி.எம்.ஐ. முனையிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் சிறு கருவி வேண்டும். மலிவானதில் எழுத்து மங்கும். கண்ணாடியை ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறேன். ஸ்பிரிட் பட்டால் மேற்பூச்சு உரியலாம். கோடை இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

தோட்டத்தில் விட்டுவந்த 19 அங்குலத்தை உடைக்காமல் வைத்திருக்கும்படி தோழரிடம் சொல்லியிருக்கிறேன். டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் அதை மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் அதன் பவர் போர்டை மெக்கானிக் கழற்றிக்கொள்வார்.

இதைத் தட்டச்சு செய்வது அந்த 17 அங்குலத் திரையில். இடது கீழ்மூலையில் ‘ரீ’யின் சுழி இன்னும் கொஞ்சம் அடைந்தே தெரிகிறது, எல்.ஓ.டி.-யின் ‘ஃபோகஸ்’ திருகைக் கால் சுற்றுத் திருப்பிப் பார்க்க, வரும் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.